காட்டு விலங்குகளில் கதிரியக்க மாசு

காட்டு விலங்குகளில் கதிரியக்க மாசு என்பது அணு ஆயுதச் சோதனை, அணு உலை விபத்து, அணுக்கழிவு முதலியவற்றிலிருந்து வெளியேறும் கதிரியக்கத் தனிமங்கள் காட்டு விலங்குகளின் உடலில் சேர்வதைக் குறிக்கும். மண்ணில் இயற்கையாகவே உள்ள கதிரியக்கத்தை மாசு எனக் கூறுதல் பொருந்தாது. எனினும் தென்னிந்தியாவில் இது தொடர்பாக நன்கு அறியப்பட்ட விலங்காய்வு இயற்கைக் கதிரியக்கத்தைப் பற்றியதே ஆகும்.

உடலில் சேரும் முறை

சீசியம்-137 பொட்டாசியத்தை ஒத்த வேதியியல் இயல்பு கொண்டது. எனவே தசைகளில் பரவுகிறது. ஸ்ட்ரான்சியம்-90 கால்சியத்தைப் போன்று எலும்பில் படிகிறது. இரண்டின் அரைவாழ்வுக் காலமும் ஏறத்தாழ 30 ஆண்டுகள். ஆயினும் விலங்கின் உடலிலிருந்து சீசியம் சில வாரங்களிலோ மாதங்களிலோ வெளியேறிவிடும். ஆகவே மாசு நீடிப்பதும் நீங்குவதும் பெரும்பாலும் உணவைப் பொறுத்தவை.

செர்னோபிலுக்குப் பின்

1986 ஏப்ரல் 26 அன்று நிகழ்ந்த செர்னோபில் விபத்தின் துகள்கள் மழையுடன் ஸ்காண்டினேவியாவிலும் விழுந்தன. வேரற்ற லைக்கன்கள் மழைநீரிலிருந்தே சத்தைப் பெறுவதால் சீசியத்தையும் ஈர்த்துக்கொண்டன. அவற்றை உண்ணும் துருவ மான்களின் இறைச்சி விற்பனைக்கு ஒவ்வாததாயிற்று. மான் மேய்ப்பையே வாழ்வாகக் கொண்ட சாமி மக்கள் பெரிதும் பாதிக்கப்பட்டனர். நோர்வே அரசு அதே ஆண்டில் மானிறைச்சிக்கான வரம்பை கிலோகிராமிற்கு 600 பெக்கெரலிலிருந்து 6000 ஆக உயர்த்தியது. இறைச்சியின் தன்மை மாறவில்லை, வரம்பே மாறியது என்பது கவனிக்கத்தக்கது.

ஜெர்மனியில் மான்களின் சீசியம் அளவு குறைந்துவந்தபோதும் காட்டுப் பன்றிகளில் அவ்வாறு குறையவில்லை. மண்ணுக்கடியில் வளரும் ஒருவகைக் காளானை அவை தோண்டி உண்பதே காரணம். மேலும், அந்தச் சீசியத்தில் குறிப்பிடத்தக்க பங்கு செர்னோபிலுக்கு முந்தைய அணு ஆயுதச் சோதனைகளிலிருந்து வந்தது என 2023இல் வெளியான ஆய்வொன்று காட்டியது.

மனிதர் வெளியேற்றப்பட்ட செர்னோபில் பகுதியில் ஓநாய், எல்க், பன்றி ஆகியவை பெருகியுள்ளன. வேட்டையும் வேளாண்மையும் நின்றதன் விளைவு இது. கதிரியக்கம் தீங்கற்றது என்பதற்குச் சான்றாகாது. அங்குள்ள பறவைகளில் பாதிப்புகள் உண்டு என்போருக்கும் மறுப்போருக்கும் இடையே விவாதம் தொடர்கிறது.

தென்னிந்தியா

பல்லாவரம், தாம்பரம் முதலிய சென்னைப் புறநகர்ப் பகுதிகளுக்குத் தெற்கே, கடலோரத்தில் உள்ள கல்பாக்கத்தில் 1984 முதல் அணுமின் உற்பத்தி நடைபெறுகிறது. அங்குள்ள கடற்கரை மணலில் தோரியம் கலந்த மோனசைட்டு இயற்கையாகவே காணப்படுகிறது. கடல்வாழ் சிப்பிகளின் செரிமான உறுப்புகளிலும் பொலோனியம்-210 இயற்கையாகவே சேர்கிறது. எனவே இத்தகைய இடங்களில் மொத்தக் கதிரியக்கத்தை மட்டும் அளந்து அதனை அணு உலையின் கணக்கில் எழுதிவிட முடியாது. எந்தத் தனிமம் எனப் பிரித்தறிதல் வேண்டும்.

மோனசைட்டு மிகுந்த கேரளக் கடற்கரையை மரபியல் ஆய்வுக்கு ஏற்ற இடமாக உலக சுகாதார அமைப்பின் நிபுணர் குழு 1959இல் சுட்டியது. பின்னர் இலண்டனைச் சேர்ந்த மரபியலாளர் ஹான்ஸ் குருன்பெர்க் குழுவினர் அம்மணல் பகுதியிலும் அதற்கு அப்பாலும் கருப்பு எலிகளைப் பிடித்து, எலும்பு, பல் ஆகியவற்றின் அமைப்பை ஒப்பிட்டனர். எலிகள் அப்பகுதியிலேயே பல தலைமுறைகளாக வாழ்பவை என்பதால், பாதிப்பு இருப்பின் அவற்றில் வெளிப்படும் என எதிர்பார்க்கப்பட்டது. 1966இல் வெளியான அறிக்கையின்படி, கதிரியக்கத்தால் ஏற்பட்டதெனக் கூறத்தக்க வேறுபாடு எதுவும் காணப்படவில்லை. அக்காலத்தில் டி.என்.ஏ.வை நேரடியாகப் படிக்கும் வசதி இல்லை. அதே கடற்கரையில் வாழும் மனிதரின் இழைமணி டி.என்.ஏ.வில் மாற்றங்கள் கூடுதலாக உள்ளதாக 2002இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று.