கற்பகம் என்ன கேட்டாள்?

 

"பழைய பெயர் பாரமா, பெருமையா?" இதுதான் தலைப்பு. எதிரணி அம்மா வந்தாங்க. "கற்பகம்னு பேர் வைச்சா காலேஜில் பொண்ணு எப்படித் தலைநிமிர்ந்து நடப்பா? கல்பனான்னு வையுங்க, நாகரிகமா இருக்கும்" என்றார்கள். அம்மா, நீங்க எங்க அணிக்கே வந்துட்டீங்க! (சிரிப்பு)

வடமொழியில் 'ல்ப' என்று வருகிற சொல் தமிழ் வீட்டுக்குள் நுழையும்போது, செருப்பை வாசலில் விடுகிற மாதிரி 'ல்'லை விட்டுவிட்டு 'ற்' போட்டுக்கொண்டு வரும். அல்பம் அற்பமாச்சு. சில்பம் சிற்பமாச்சு. கல்பனா கற்பனையாச்சு. கல்பகம் கற்பகமாச்சு. நம்ம கல்லும் படியும் சேர்ந்தால் கற்படி ஆகிற அதே கணக்குதான். ஆக, கல்பனாவும் கற்பகமும் ஒரே வேரில் பிறந்த அக்கா தங்கை! மாமியார் ஒரு பேர், மருமகள் ஒரு பேர் என்று சண்டை எதற்கு? (கைதட்டல்)

கற்பு என்ற சொல்லிலிருந்து இந்தப் பெயர் வந்தது என்று சிலர் நினைக்கிறார்கள். இல்லை ஐயா. கற்பகம் ஒரு மரம். பாற்கடலைக் கடைந்தபோது தோன்றி, இந்திரலோகத்தின் ஐந்து தருக்களில் ஒன்றாக நிற்கிற மரம். கேட்டதைக் கொடுக்கும். அடி முதல் நுனி வரை பயன்படுகிற பனையை யாழ்ப்பாணத்தார் கற்பகதரு என்று சொல்வது அதனால்தான்.

மயிலாப்பூர் கபாலீசுவரர் கோவிலில் இந்த மரம் தாயாகி, கற்பகாம்பாள் ஆனது. கொடி என்ற பொருளில் 'வல்லி' சேர்ந்தால் கற்பகவல்லி. வங்காளத்தில் கல்பலதா, லதா என்றாலும் கொடிதான். 1963-ல் கே.எஸ். கோபாலகிருஷ்ணன் எடுத்த 'கற்பகம்' படத்தில்தான் கே.ஆர். விஜயா கதாநாயகியாக அறிமுகமானார்.

ஆனால், எதிரணியில் இன்னொரு அம்மா கேட்டது நியாயமான கேள்வி. "மரத்தின் பேரை வைச்சு, கொடுத்துக்கிட்டே இருன்னு சொல்லிட்டீங்களே! கற்பகம், காபி! கற்பகம், என் சட்டை எங்கே? கற்பகம், வளையலைக் கழட்டிக் கொடு, தம்பிக்கு பீஸ் கட்டணும்! உனக்கு என்ன வேணும்னு அந்த மரத்தை யாராவது கேட்டீங்களா?"

இதை நான் மழுப்ப மாட்டேன். பதில் மயிலாப்பூரிலேயே இருக்கிறது. தலபுராணம் என்ன சொல்கிறது? சாபத்தால் மயிலாகிப் போன அம்பாள், புன்னை மரத்தடியில் சிவனைப் பூசித்தாள். இன்றைக்கும் அந்தக் கோவில் பிராகாரத்தில் புன்னை மரம் இருக்கிறது. அதனடியில் மயில் வடிவத்தில் அம்பாளைப் பார்க்கலாம். எதற்குத் தவம்? தான் இழந்த தன்னுடைய உருவத்தைத் திரும்பப் பெறுவதற்கு! ஊருக்கெல்லாம் கொடுக்கிறவள் தனக்கு வேண்டியதைக் கேட்டாள், பெற்றாள். அந்த ஊர்தான் மயிலை!

நடுவர் அவர்களே, பெயர் பாரமில்லை. கொடுத்த கதையை மட்டும் சொல்லி, கேட்ட கதையை மறைத்தோமே, அதுதான் பாரம். உங்க வீட்டில் ஒரு கற்பகம் இருந்தாலும் சரி, கல்பனா இருந்தாலும் சரி, இன்று ராத்திரி சாப்பிட உட்காரும் முன்னே கேளுங்கள்: "உனக்கு என்னம்மா வேணும்?"

முழுக் கதையோடு வைத்தால் பழைய பெயர் பெருமையே, பெருமையே என்று கூறி அமர்கிறேன்.  (கைதட்டல்)