ஜெர்வேஸின் தெருவும் எமது தெருவும்

ஆர்ஜொந்தெய்யில் லிசேயில் படிக்கும் எமது மூத்தவனுக்கு எமில் ஸோலாவின் ‘லஸொம்முவார்’ நாவலைப் பாடமாகக் கொடுத்திருந்தார்கள். ஒவ்வொரு அத்தியாயத்தையும் வாசித்து ஒரு குறிப்பு எழுதவேண்டும். பதின்மூன்று அத்தியாயங்கள், பதின்மூன்று குறிப்புகள். முதற் குறிப்பு இரண்டே வரி: ஒரு பெண் இரவு முழுவதும் யன்னலில் நிற்கிறாள், ஆள் வரவில்லை. அதற்குமேல் அவன் வாசிக்கவேயில்லை. எங்கே அந்த யன்னல் என்று கேட்டோம். சலிப்போடு பக்கத்தைப் புரட்டினான். “புல்வார் து லா சப்பல்” என்றான். பிறகு நிமிர்ந்து, “அப்பா, நாங்கள் சாமான் வாங்கப் போற இடமெல்லோ?” என்றான்.

எமது பிரெஞ்சு றெஸ்ரோறண்ட் குசினியில் பழகிய பிரெஞ்சு. ஸோலாவின் தொழிலாளர்கள் பேசும் கொச்சை எமக்கு எட்டாது. எனவே அவன் வாசித்துச் சொல்வது, நாம் கேட்பது என்று ஒழுங்கு செய்துகொண்டோம். விருப்பமில்லாத மாணவன் ஒருவனுக்கு, அவனைவிட அறியாத மாணவன் ஒருவன் கிடைத்தான்.

நாவல் 1850 மே மாதத்தில் தொடங்குகிறது. அன்று லா சப்பல் பாரிஸ் அல்ல. இன்று மெத்ரோ இரண்டாம் இலக்கப் பாதை தூண்களின் மேலே ஓடும் அந்த நெடுஞ்சாலை வழியே, நகருக்குள் வரும் சரக்குகளுக்கு வரி அறவிடும் மதில் நின்றது. மதிலுக்கு வெளியே வைனுக்கு நகர வரியில்லை. எனவே அங்கே மலிவான குடிசாலைகள் பெருகின. லா சப்பல் தனி ஊராக இருந்து 1860இல்தான் பாரிஸோடு இணைக்கப்பட்டது. ஜெர்வேஸ் யன்னலால் ஒரு பக்கம் பார்த்தால் மாடு வெட்டும் கொல்களம். மறுபக்கம் கட்டிமுடியாத லாரிபுவாசியே ஆஸ்பத்திரி. 1854இல் திறக்கப்பட்ட அந்த ஆஸ்பத்திரியின் அவசர பிரிவில் காத்திருக்காத தமிழ்க் குடும்பங்கள் இப்பக்கத்தில் குறைவு. விடியற்காலையில் கருவிகளையும் பாணையும் சுமந்துகொண்டு தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாக மதில் வாசலுக்குள் நுழைவதை அவள் பார்க்கிறாள். முதல் மெத்ரோவில் குசினிகளுக்கும் துப்புரவு வேலைகளுக்கும் போகும் எம்மவர் எவருக்கும் அந்தக் காட்சியை விளக்கவேண்டியதில்லை.

ஜெர்வேஸும் வந்தேறியவள்தான். தெற்கிலுள்ள ஒரு சிற்றூரிலிருந்து லொந்தியே என்பவனோடும் இரண்டு பிள்ளைகளோடும் வந்தவள். அவன் அவளைக் கைவிடுகிறான். அவள் சலவை செய்து பிழைக்கிறாள். கூப்போ என்ற கூரைத் தொழிலாளியை மணக்கிறாள். அவள் கேட்டது சிறிது: வேலை, பாண், படுக்க ஒரு மூலை, அடி வாங்காத வாழ்க்கை, சொந்தக் கட்டிலில் சாவு. மூன்றாம் அத்தியாயத்தில் கல்யாணக் கூட்டம் மழைக்கு லூவ்ர் மாளிகைக்குள் ஒதுங்கி, ஓவியங்களுக்கு நடுவே வழிதவறி அலைகிறது. அங்கே மூத்தவன் முதன்முறையாகச் சிரித்தான். நான்காம் அத்தியாயத்தில் கூப்போ கூரையிலிருந்து விழுந்தபோது சிரிப்பு நின்றது. அதன்பின் எம்மை அழைக்காமலே வாசிக்கத் தொடங்கிவிட்டான்.

தகராறு ஏழாம் அத்தியாயத்தில் வந்தது. கடன் வாங்கிச் சலவைக் கடை திறந்த ஜெர்வேஸ், அந்தக் கடன் தீராமலே, பட்டுச் சட்டையை அடகு வைத்துத் தன் பெயர்த் திருநாளுக்குப் பெருவாத்து வாட்டி விருந்து வைக்கிறாள். தெருவே பார்க்கட்டும் என்று கதவு திறந்திருக்கிறது. அவளது வீழ்ச்சி அந்த மேசையிலிருந்துதான் தொடங்குகிறது. மூத்தவனின் குறிப்பு இம்முறை ஒரு முழுப் பக்கம். சீட்டை எடுத்து மண்டபம் பிடித்துச் சாமத்தியவீடு செய்யும் எங்கள் ஆட்களும் இப்படித்தான் என்று பிரெஞ்சில் எழுதியிருந்தான், குடியையும் விடவில்லை. அதை வெட்டச் சொன்னோம். “வெள்ளைக்காரர் எங்களைப் பற்றி என்ன நினைப்பினம்?” என்றோம். “ஸோலா எழுதலாம், நான் எழுதக்கூடாதோ?” என்று கேட்டான்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் நாம் நாவலின் வரலாற்றைப் படித்தோம். 1876 ஏப்ரலில் ‘லு பியன் பப்ளிக்’ என்ற குடியரசுவாத நாளிதழில் அது தொடராக வரத் தொடங்கியது. சொக்கலேற் ஆலை அதிபர் மெனியேயின் பத்திரிகை அது. சந்தாதாரர்கள் எதிர்த்தார்கள். ஆறாம் அத்தியாயத்தோடு யூன் மாதத்தில் தொடர் நின்றது. மிகுதி ‘லா ரெப்யுப்ளிக் தே லெத்ர்’ என்ற இலக்கிய இதழில் வந்து 1877 ஜனவரியில் முடிந்தது. வலதுசாரிகள் ஆபாசம் என்றார்கள். இடதுசாரிகள் தொழிலாளரை இழிவுபடுத்தியதாகச் சொன்னார்கள். இந்த இரண்டாவது குற்றச்சாட்டே எமக்கு உறைத்தது. எம்மவரின் குறைகளை எழுதினால் எதிரிக்கு வாய்ப்பாகிவிடும் என்ற குரலை நாமும் எமது சிற்றிதழ்களைச் சுற்றிக் கேட்டிருக்கிறோம். அன்று அதை மறுத்தவர்கள்தான் நாம். இன்று எமது வீட்டு மேசையில், அதே குரலில் பேசியிருந்தோம்.

ஸோலாவின் தந்தை வெனிஸில் பிறந்த பொறியியலாளர். ஸோலா 1840இல் பாரிஸில் பிறந்தும், பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றது 1862இல்தான். 1859இல் பக்கலோரெயா தேர்வில் இரண்டு தரம் தோற்றவர். வந்தேறியின் மகன், தேர்வில் தோற்றவன் எழுதிய புத்தகம்தான் இன்று தேர்வுக்குப் படிக்கும் புத்தகம். இதைச் சொன்னபோது மூத்தவன் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்றிரவு அடுத்த அத்தியாயம் முடிந்தது.

அதே காலத்தில், 1871 முதல் 1878 வரை, ஆர்ஜொந்தெய்யில் குடியிருந்து குளோத் மொனே ஆற்றையும் பாலங்களையும் பாய்ப்படகுகளையும் வரைந்தார். எவருக்கும் பிடிக்கும் ஓவியங்கள் அவை. எம்மை யாராவது எழுதினால் மொனே போல எழுதவேண்டும் என்றே நாம் ஆசைப்படுகிறோம். ஆனால் லா சப்பலில் எம்மைப்போல் வந்திறங்கிய ஒருத்தி எப்படி விடிய எழும்பினாள், எவ்வளவு கடன்பட்டாள், எங்கே விழுந்தாள் என்பது ஸோலாவிடமே இருக்கிறது. அவர் அவளைக் குற்றம் சாட்டவில்லை. வீடும் வேலையும் வறுமையும் ஒருத்தியை என்ன செய்யும் என்றுதான் காட்டினார். எமது பக்கத்தில் அப்படி எழுதி வைக்காவிட்டால், 1983க்குப் பின் இந்தத் தெருவுக்கு வந்தவர்களைப் பற்றிப் பிற்காலத்தில் மிஞ்சப்போவது கடைகளின் பெயர்ப்பலகைகளும் தேர்த் திருவிழாப் படங்களுமே.

பத்தாம் அத்தியாயத்தில், குடிகாரத் தகப்பனிடம் அடிபட்டபடியே தம்பி தங்கையை வளர்க்கும் எட்டு வயது லாலி வருகிறாள். அதற்கான குறிப்பை அவன் எமக்குக் காட்டவில்லை. நாமும் கேட்கவில்லை. பன்னிரண்டாம் அத்தியாயத்தில், பசியோடு அலையும் ஜெர்வேஸ் வடக்கு ரயில் பாதையின் பாலத்தில் நின்று, போகும் வண்டியைப் பார்த்து, தானும் இப்படிப் புறப்பட்டுப் போய்விட முடிந்தால் என்று ஏங்குகிறாள். பதின்மூன்றில் மாடிப்படியின் கீழுள்ள பொந்தொன்றில் இறந்து கிடக்கிறாள். நாற்றம் வந்த பிறகுதான் அயலவர் அறிகிறார்கள்.

அடுத்த சனிக்கிழமை அரிசியும் மரக்கறியும் வாங்க லா சப்பல் போனோம். திரும்பும்போது மூத்தவன் பைகளைக் கீழே வைத்துவிட்டு, தண்டவாளங்களுக்கு மேலுள்ள அந்தப் பாலத்தில் நின்றான். ஒரு வண்டி வடக்கே போனது. “ஏழாவது குறிப்பை வெட்டாமல் குடுத்திட்டன், அப்பா” என்றான். சரி என்றோம்.