திமார்க்கஸ் வழக்கு: கிரேக்கர் காதலை அளந்த கோல்

பழங்கிரேக்கத்தைத் தன்பாற்காதலின் பொற்காலமாகக் கொண்டாடுவோரும் உண்டு. ஒழுக்கக்கேட்டின் விளைநிலமாகத் தூற்றுவோரும் உண்டு. இவ்விரு சாராரையும் ஒருசேரத் தயங்கவைக்கும் சான்றொன்று ஏதென்ஸ் நகர நீதிமன்றத்திலிருந்து நமக்குக் கிடைத்திருக்கிறது.

கி.மு. 346இல் மாசிடோனிய மன்னர் இரண்டாம் பிலிப்புடன் ஏதென்ஸ் அமைதி உடன்படிக்கை செய்துகொண்டது. தூது சென்றவர்களுள் ஒருவரான ஏஸ்கினிஸ் மீது டெமாஸ்தனிஸும் திமார்க்கஸும் குற்றஞ்சாட்ட முனைந்தனர். ஏஸ்கினிஸ் முந்திக்கொண்டார். திமார்க்கஸ் இளமையில் உடலைப் பொருளுக்கு விற்றவர். ஆகவே மக்களவையில் பேசும் தகுதியற்றவர் என்று வழக்குத் தொடுத்தார். அவ்வுரை இன்றும் நமக்குக் கிடைக்கிறது.

நாம் எதிர்பார்ப்பதுபோல் அவ்வுரை ஆண்களுக்கிடையிலான காதலைப் பழிக்கவில்லை. தாமும் காதல்வயப்பட்டவர், காதற்கவிதைகள் எழுதியவர் என்பதை ஏஸ்கினிஸ் அவையிலேயே ஒப்புக்கொள்கிறார். அக்கிலிஸ், பெட்ரோக்ளஸ் நட்பைக் காதலென்றே போற்றுகிறார். குற்றம் காதலில் இல்லை, விற்பனையில் இருக்கிறது என்பதே அவர் வாதம். உடலை விற்றவன் நகரின் நலனையும் விற்பான் என்று சட்டம் கருதியதாக அவர் விளக்குகிறார். அதே ஏதென்ஸ், பரத்தமைத் தொழிலுக்கு வரி விதித்து ஆண்டுதோறும் அவ்வரியைக் குத்தகைக்கும் விட்டது. தடை குடிமகனுக்கு மட்டுமே.

ஏற்கப்பட்ட காதலுக்கும் வரம்பு இருந்தது. வயதில் மூத்த குடிமகனும் தாடி அரும்பாத இளைஞனும் என்ற சமனற்ற உறவே அங்கு மரபு. இன்றைய நம் அறவுணர்வு அதை ஏற்காது. வளர்ந்த இருவர் இணையராய் நீடித்தால் நகைப்புக்கு ஆளாயினர். நாடகாசிரியர் அகத்தானை அரிஸ்டோபனிஸ் பெண்மை மிகுந்தவராக மேடையில் எள்ளினார். தீப்ஸ் நகரமோ 150 காதல் இணையரைக் கொண்ட படையை அமைத்ததாக மரபு கூறுகிறது, அப்படை கி.மு. 338இல் கைரோனியாவில் அழிந்தது. பெண்களின் காதலுக்கு லெஸ்போஸ் தீவின் சாப்போ குரல் கொடுத்தார். ஏதென்ஸ் நூல்களோ அதுபற்றி ஏறத்தாழ மௌனம் காக்கின்றன. நகருக்கு நகர் வழக்கம் வேறு.

திமார்க்கஸ் தோற்றார், குடியுரிமைகளை இழந்தார்.

எனினும் அவ்வுரையைப் படித்து முடிக்கையில் நம் மனத்தில் நிற்பவர் அவரல்லர். பிட்டலாக்கஸ் என்ற பொது அடிமை. திமார்க்கஸைத் தம்மிடம் வைத்திருந்த அவர், கைவிடப்பட்டபின் முறையிடச் சென்றார். திமார்க்கஸும் தோழர்களும் ஓர் இரவில் அவரைத் தூணில் கட்டி, அக்கம்பக்கத்தார் அலறல் கேட்குமளவு கசையால் அடித்ததாக ஏஸ்கினிஸ் கூறுகிறார். மறுநாள் அவர் சந்தைவெளியில் தேவர்களின் அன்னை பலிபீடத்தில் தஞ்சம் புகுந்தார். பின்பு தொடுத்த வழக்கையும் கைவிட நேர்ந்தது. அவருடைய துயரம் அந்த நீதிமன்றத்தில் மற்றொருவரின் இழிவுக்குச் சான்றாக மட்டுமே பயன்பட்டது. ஏதென்ஸ் அளித்த உரிமையைப் புகழுமுன் அது யாருக்கு மறுக்கப்பட்டது என்றும் நாம் கேட்டாக வேண்டும்.