மூக்களவும் குல உயர்வும்

குல வரலாறு எழுதப் புகுவார் பலர் தர்ஸ்டன் துரையவர்களின் நூலைச் சான்று காட்டுதல் வழக்கம். அந்நூல் எழுந்த வகையை நம் சங்கத்து அன்பர்கள் அறிதல் நலமென்று கருதி இதனை வரைகின்றோம்.

எட்கர் தர்ஸ்டன் 1885 முதல் 1908 வரை சென்னைப் பொருட்காட்சிச்சாலையின் தலைவராயிருந்தவர். 1894இல் வங்காள ஆசியக் கழகத்தாரிடம் அளவுக் கருவிகளை இரவலாகப் பெற்று, நீலகிரி மக்களை அளக்கத் தொடங்கினார். வயநாட்டுப் பணியப் பெண்டிர், தம்மவருள் நல்லுடல் வாய்த்தோரைப் பாடஞ்செய்து காட்சிக்கு வைப்பாரென்றஞ்சி ஓடினர் என அவரே எழுதியுள்ளார். பின்னர் அரங்காசாரியார் துணையோடு 1909இல் ஏழு தொகுதிகளை வெளியிட்டார்.

அளக்கும் முறை எளிது. மூக்கின் அகலத்தை நூறாற் பெருக்கி நீளத்தால் வகுப்பர். நீளம் 50 மில்லிமீட்டரும் அகலம் 40 மில்லிமீட்டருமாயின் மூக்கெண் 80. எழுபதிற்குக் குறைந்தது கூரிய மூக்கு. எண்பத்தைந்திற்கு மேற்பட்டது அகன்ற மூக்கு. தலைக்கும் இவ்வாறே ஓர் எண் உண்டு.

இவ்வளவில் நின்றிருப்பின் தீங்கில்லை. மூக்கு அகல அகல ஜாதியின் நிலை தாழும் என 1891இல் ரிஸ்லி துரை கூறியதே கேடாயிற்று. ஒரே ஜாதியாருள் கூரிய மூக்கும் அகன்ற மூக்கும் உண்டு. ஒரு ஜாதியின் அளவுகள் மற்றொன்றன் அளவுகளோடு கலந்தே நிற்கும். சராசரி எண் இவ்வுண்மையை மறைத்துவிடுகின்றது. அமெரிக்காவிற் குடியேறியோர் மக்களுக்குத் தலையளவே பெற்றோரினின்று மாறக் கண்டதாகப் போவாஸ் என்னும் அறிஞர் 1912இல் வெளியிட்டார். ரிஸ்லியின் கூற்று வட இந்துஸ்தானத்திற்குப் புறத்தே பொருந்தாதென நம் நாட்டுக் குர்யே அவர்கள் 1932இல் ஆராய்ந்து காட்டினார்.

மணியாச்சிச் சந்திப்பில் வண்டி மாறும் நம்மவர்க்கு ஆதிச்சநல்லூர் தொலைவன்று. அங்கே 1876இல் யாகரும், 1899 முதல் அலெக்சாந்தர் ரீயும் அகழ்ந்தனர். தாழிகளோடு கிடைத்த மண்டையோடுகளைப் பற்றி சுக்கர்மன் 1930இல் எழுதியபோது, அவை ஒரே வகையின அல்ல என்றே கண்டார். பொருநைக் கரையின் ஓர் ஈமக்காட்டிலேயே தலையமைப்பு ஒன்றாயில்லை எனின், கரிசற் சீமையில் குலத்திற்கொரு மூக்குண்டென்பது எங்ஙனம் பொருந்தும்?

ஆகலின், துரைமார் நூல்களிற் காணும் வழக்கங்களையும் சடங்குகளையும் தக்கவாறு ஆராய்ந்து கொள்க. மூக்கெண்ணைக் கொண்டு நம்மை உயர்த்தலும் பிறரைத் தாழ்த்தலும் ஒழிக. நம் இல்லங்களிற் கிடக்கும் பழம்பத்திரங்களும் ஓலைகளும், கோயிற் கல்வெட்டுக்களும், முதியோர் சொற்களுமே நம் வரலாற்றுக்கு மூலங்கள். செல்லரிக்கு முன் அவற்றைப் படியெடுத்து வைத்தலே நம்மவர் உடனே செய்யத்தக்கது.