கடாரத்துத் தொண்டர் படையும் உடற்பயிற்சியும்

"விடியுமுன் பிரட்டுக் களத்தில் நின்று, நானூறு ஐந்நூறு மரம் வெட்டி, பால் வாளிகளைத் தோளில் சுமந்து வருகிறவனுக்கு உடற்பயிற்சி வேறு வேண்டுமா?" தோட்டத்துப் பெரியவர்கள் இவ்வாறு கேட்பதைச் செவியுற்றே நான் வளர்ந்தேன். கேள்வி நியாயமானதாகவே தோன்றும். ஆயினும், இரண்டாம் உலகப் போர் முடிந்த மறு ஆண்டாகிய 1946-இல், நம் கெடா மாநிலத்துத் தோட்டங்களில் அதே பால்வெட்டுத் தொழிலாளர் பலர், வேலை முடிந்த பின்னர்த் திடலில் அணிவகுத்துக் கவாத்துப் பழகினார்கள். அதற்குக் கூலி இல்லை. துரையின் கட்டளையும் இல்லை. பின் ஏன் பழகினார்கள்? இதனை ஆராய்வது ஆசிரியர்களாகிய நமக்கு மிகவும் பயன் தரும்.

உழைப்பு வேறு, பயிற்சி வேறு என்பதை முதலில் தெளிதல் வேண்டும். வெயில் ஏறுமுன் வெட்டினால்தான் ரப்பர் மரத்தில் பால் நன்கு வடியும். ஆகவே எப்போது எழுவது, எவ்வளவு வெட்டுவது, எப்போது நிறுத்துவது என்பதையெல்லாம் மரமும் நிர்வாகமும் முடிவு செய்தன. குனிவதும் நிமிர்வதும் சுமப்பதும் தொழிலாளியின் உடல்தான்; அவ்வுடலுக்கு ஆணையிட்டவரோ வேறொருவர்.

இந்நிலை அதன் கொடிய எல்லையைத் தொட்டது சப்பானியர் ஆட்சியில். 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் இணைக்கப்பட்ட சயாம்–பர்மா இரயில்பாதை ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுடையது. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர் அங்கே கொண்டு செல்லப்பட்டனர். பசியாலும் நோயாலும் மாண்டு, திரும்பி வாராதவர் மிகப் பலர். பிறர் கட்டளைக்கு மட்டுமே இயங்கும் உடல் எவ்வாறு முடியும் என்பதற்கு அதனினும் துயரமான சான்று நம் வரலாற்றில் இல்லை.

அதே ஆண்டுகளில் வேறொரு காட்சியும் நிகழ்ந்தது. 1943 சூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்து இந்திய விடுதலை இயக்கத்தின் தலைமையை ஏற்றார். தோட்டத்து இளைஞர்கள் இந்திய தேசிய இராணுவத்திலும், பெண்கள் ஜான்சி ராணிப் படையிலும் சேர்ந்தனர். சயாமுக்குத் தப்பவும் வயிற்றுப் பசியாறவும் சேர்ந்தவரும் அவர்களுள் உண்டு. அதனை மறைக்க வேண்டுவதில்லை. எனினும், தலைகுனிந்து நின்றே பழகியவர்கள் அங்கே நெஞ்சு நிமிர்த்தி நடக்கக் கற்றார்கள். 1945 ஆகஸ்டில் சப்பான் சரணடைய, படையும் கலைந்தது. ஆனால் நிமிர்ந்து நடந்த நினைவு கலையவில்லை.

அந்நினைவும் காந்தியடிகளின் மதுவிலக்குக் கொள்கையும் சேர்ந்து விளைந்ததே கெடாவின் தொண்டர் படை. பீடோங்கை அடுத்த ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி என்பார் தலைமையில் அது எழுந்து, சுற்றுவட்டாரத் தோட்டங்களுக்கும் பரவியது. கள்ளை ஒழிப்பதும், தொழிலாளரின் தன்மானத்தை வளர்ப்பதும் அதன் நோக்கங்கள்; சீருடையும் இராணுவ ஒழுங்கில் அமைந்த கவாத்தும் அதன் அடையாளங்கள்.

இங்கேதான் நம் கேள்விக்கு விடை கிடைக்கிறது. நாள் முழுவதும் தோட்டத்துக்கு உரியதாக இருந்த உடல், மாலையில்தான் தொழிலாளியிடம் திரும்பி வந்தது. அந்த மாலையைக் கள்ளுக்கடையில் தொலைப்பதா, திடலில் செலவிடுவதா என்பதை அவனே முடிவு செய்தான். "இவ்வுடல் என்னுடையது" என்று அவன் சொல்லிக்கொண்ட விதமே அந்தக் கவாத்து. களைத்த கால்களை மீண்டும் நடக்க வைத்தது அந்த உரிமையுணர்ச்சியே என்பது என் துணிபு.

அப்படை நெடுநாள் வாழவில்லை. 1947-இல் பீடோங் வட்டாரத்தில் கள்ளுக்கடை மறியலை ஒட்டிப் போலீசாருடன் மோதல் மூண்டது, உயிரிழப்பும் நேர்ந்தது. கைதுகளும் வழக்குகளும் தொடர்ந்தன, இயக்கம் ஒடுங்கியது. 1948 சூனில் அவசரகாலச் சட்டம் வந்தபின் அத்தகைய முயற்சிகளுக்கு இடமே இல்லாது போயிற்று. படையோடு அதன் கவாத்தும் மறைந்தது. இதிலும் ஒரு பாடம் உண்டு. கூட்டமும் கொடியும் ஒருவனை எழுப்பிவிடும். அவை போன பின்னும் அவன் நடக்க வேண்டுமானால், காரணம் அவனுள்ளே வேரூன்றியிருத்தல் வேண்டும்.

இன்று நிலைமை தலைகீழாகிவிட்டது. ரப்பர்க் காடுகள் பல செம்பனையாயின. குடும்பங்கள் பல லயங்களை விட்டுச் சுங்கை பட்டாணிக்கும் கூலிமுக்கும் குடிபெயர்ந்தன. வேலை தொழிற்சாலையில், பயணம் மோட்டார் சைக்கிளில். 2019-ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வு, மலேசியாவில் வயதுவந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. இனவாரியாக நோக்கின் இந்தியரிடையே அது மிகுதி. வாரத்துக்கு 150 நிமிடமேனும் மிதமான உடலியக்கம் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. பெரியவர்களின் பழைய கேள்விக்கு இனி இடமில்லை.

ஆனால் அச்சத்தைக் காட்டி உடற்பயிற்சியை நிலைநிறுத்த இயலுமா? மருத்துவர் எச்சரித்தார் என்று பத்து நாள் நடந்து, பதினோராம் நாள் நின்றுவிடுபவரை நாம் அறிவோம். நானும் இதில் தவறியவனே. பயிற்சிக் கல்லூரியிலிருந்து வெளிவந்த புதிதில், பாடம் ஒப்புவிக்காத மாணவனைத் திடலைச் சுற்றி ஓடவிட்டேன். ஓடுவது தண்டனை என்று என் வாயாலேயே கற்பித்தேன் அல்லவா? அவர்களுள் ஒருவன் பின்னாளில் என்னைக் கண்டு, "ஐயா, இன்றைக்கும் திடலைப் பார்த்தால் குற்றம் செய்தவன்போல் இருக்கிறது" என்று சிரித்துக்கொண்டே கூறினான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதன்பின் முறையை மாற்றினேன். சிலம்பமோ, கபடியோ, வெறும் நடையோ, மாணவனே தேர்ந்துகொள்வான். நேற்றைய தன்னையே இன்று வெல்வதற்கு முயல்வான். அதைத் தன் ஏட்டில் தானே குறித்துக்கொள்வான். அடுத்தவனோடு ஒப்பிடுவதில்லை, மெலிந்தவனையும் பருத்தவனையும் எள்ளுவதில்லை. எல்லோரும் வீரராகிவிடவில்லை. ஆயினும், மணி அடித்த பிறகும் திடலை விட்டுப் போக மனமில்லாத பிள்ளைகளைக் காண்கிறேன்.

நம் முன்னோர் தம் உடலைத் தமதென்று சொல்ல மாலை நேரத்துக்காகக் காத்திருந்தார்கள். நமக்கோ நாள் முழுவதும் அவ்வுரிமை இருக்கிறது. ஆசிரிய நண்பர்களே, அடுத்த உடற்கல்விப் பாடத்தில் விசிலை ஊதுமுன் இதைச் சற்றே நினைவுகூர்வோமாக!