யூபிலி என்ற சொல்லும் துண்டு என்ற தாளும்

கண்டியிலும் சுற்றுத் தோட்டங்களிலும் எந்த ஆலயத்துக்கு விழா எடுத்தாலும் பந்தல் முகப்பில் ‘யூபிலி’ என்று எழுதிவிடுகிறோம். 25 ஆண்டானால் வெள்ளி, 50 ஆனால் பொன். லேவியராகமத்தின் 25ஆம் அதிகாரத்தில் அந்தச் சொல்லுக்கு இருக்கும் பொருள் வேறு. ஏழேழு ஆண்டுகள் கழிந்து 50ஆம் ஆண்டு பிறக்கும்போது கொம்பு ஊத வேண்டும். கடனுக்கு விலைப்பட்டவன் தன் குடும்பத்தோடு விடுதலையாகிப் போக வேண்டும். கைமாறிய காணி பழைய உரியவனிடம் திரும்ப வேண்டும். ஆக, யூபிலி என்பது கடன் ஏட்டை மூடும் ஆண்டு. நம் ஊழியத்தின் கதையைச் சொல்லும்போது அந்த ஏட்டையும் விரித்துப் பார்ப்பதுதான் முறை.

1820களில் கவர்னர் எட்வர்ட் பார்ன்ஸ் கன்னொறுவையிலும், ஜார்ஜ் பேர்ட் கம்பளைக்கு அருகே சின்னப்பிட்டியிலும் கோப்பி பயிரிட்டார்கள். கோப்பி பரவப் பரவத் தமிழகத்திலிருந்து கடல் கடந்து நம்மவர்கள் வந்தார்கள். மன்னாரில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடை. காய்ச்சலும் வாந்திபேதியும் வழியிலேயே பலரைக் கொண்டுபோயின. இலங்கையில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1844இல். எனவே அதற்குப் பின் வந்தவர் எவரையும் சட்டம் அடிமை என்று சொல்லவில்லை. கடன்காரர் என்று மட்டுமே சொன்னது.

பத்து ஆண்டுகள் கழித்து, 1854இல், சி.எம்.எஸ். மிஷனரிச் சங்கம் கண்டியை மையமாக வைத்துத் தோட்டத் தமிழரிடையே ஊழியத்தைத் தொடங்கியது. அன்று அதன் பெயர் ‘தமிழ்க் கூலி மிஷன்’. திருநெல்வேலியில் தமிழ் பழகிய செப்டிமஸ் ஹாப்ஸ் ஐயர் பொறுப்பேற்க வந்தார். உபதேசியார்களும் திருநெல்வேலித் திருச்சபையிலிருந்தே வந்தார்கள். 1835இல் இலங்கைக்கு வந்து, 1886இல் கண்மூடும்வரை ஒருமுறைகூடத் தாய்நாடு திரும்பாத வில்லியம் ஓக்லி ஐயர் கண்டி ஊழியத்தின் மூத்த தூண். உபதேசியார்களின் சம்பளத்துக்குத் தோட்டத் துரைமார் சந்தா கொடுத்தார்கள். நன்றியோடு குறிக்க வேண்டிய செய்திதான். ஆனால் அதில் ஒரு சிக்கலும் உண்டு. பார்வோனின் கதையைச் சொல்ல வேண்டியவருக்குப் படியளந்தது துரையின் பணப்பெட்டி.

யாத்திராகமத்தின் 5ஆம் அதிகாரத்தை ஒரு தோட்டத்து ஆலயத்தில் வாசித்துப் பாருங்கள், விளக்கவுரையே தேவைப்படாது. இஸ்ரவேலர் தாங்களே வைக்கோல் பொறுக்கிவர வேண்டும், செங்கல் கணக்கு மட்டும் குறையக் கூடாது. மேலே பார்வோனின் ஆளோட்டிகள். அவர்களுக்குக் கீழே இஸ்ரவேலரிலேயே நியமிக்கப்பட்ட தலைவர்கள். கணக்குக் குறைந்தால் அடி விழுவது அந்தத் தலைவர்கள் முதுகில். துரைக்கும் ஆட்களுக்கும் நடுவே நின்ற கங்காணியை அறிந்தவர்கள் நாம். கொழுந்து நிறை குறைந்த நாளில் அரைநாள் சம்பளமாக ‘அரைப்பேர்’ போட்டதைப் பார்த்த பாட்டிமாருக்கு அந்தச் செங்கல் கணக்கு புரியாமலா போகும்?

எகிப்தில் தீப்ஸ் நகருக்கு எதிரே, மந்திரி ரெக்மிரேயின் கல்லறைச் சுவரில் ஒரு சித்திரம் இருக்கிறது. கி.மு. 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. நூபியரும் சீரியப் பகுதியாருமான கைதிகள் குளத்தில் நீர் மொள்கிறார்கள், களிமண் குழைக்கிறார்கள், அச்சில் செங்கல் வார்க்கிறார்கள். பக்கத்தில் கோலோடு மேற்பார்வையாளன். இவர்கள் இஸ்ரவேலர் என்று சுவர் சொல்லவில்லை. எகிப்தியக் கல்வெட்டில் ‘இஸ்ரவேல்’ என்ற பெயர் முதன்முதலாக வருவது கி.மு. 1208ஐ ஒட்டிய, பார்வோன் மெர்நெப்தாவின் வெற்றித் தூணில். அங்கும் அவர்கள் கானான் நாட்டு மக்களாகவே வருகிறார்கள். அடிமைத்தனத்தின் கதையை அழியாமல் காத்தது அந்த மக்களின் நினைவுதான். வென்றவன் கல்லில் பொறிக்கிறான். தோற்றவன் பிள்ளைக்குச் சொல்கிறான். பஸ்கா இரவில் பிள்ளை கேட்கத் தகப்பன் சொல்வது அந்த மரபு.

நினைவு இருந்தும் அந்த மக்களே மறந்ததுண்டு. எபிரெய அடிமையை ஏழாம் ஆண்டில் விட வேண்டும், வெறுங்கையாய் அனுப்பலாகாது என்றது சட்டம். அந்நியரையோ பரம்பரைச் சொத்தாக வைத்துக்கொள்ள இடம் கொடுத்தது. எகிப்திலேயே, எலிபன்டைன் தீவில் வாழ்ந்த மெசுல்லாம் என்ற யூதரிடம் தாமேத் என்ற எகிப்தியப் பெண் அடிமையாக இருந்தாள். தன் மரணத்துக்குப் பின் அவளும் மகளும் விடுதலை என்று கி.மு. 427இல் அவர் எழுதிக்கொடுத்த பத்திரம் இன்றும் இருக்கிறது. எரேமியா காலத்தில் எருசலேம் பிரபுக்கள் அடிமைகளை விடுவித்து, பிறகு மனம் மாறி மறுபடி பிடித்துக்கொண்டார்கள்.

நம் மூதாதையர் கையில் இருந்த பத்திரத்தின் பெயர் துண்டு. இந்த ஆளும் குடும்பமும் இவ்வளவு ரூபாய் கடன். அதைக் கட்டுகிற தோட்டத்துக்கு இவர்களை விடுகிறேன் என்பதே அந்தத் தாளின் சாரம். கட்டும் புதுத் துரை அந்தக் கடனை மறுபடி அதே தலைகளில் ஏற்றுவார். ஓடிவந்த அடிமையை எஜமானிடம் பிடித்துக்கொடுக்காதே என்கிறது உபாகமம். சொல்லாமல் தோட்டத்தை விட்டவருக்குச் சிறை என்றது 1865ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். அந்த வேதத்தையும் இந்தச் சட்டத்தையும் ஒரே கிறிஸ்தவ அரசு கையில் வைத்திருந்தது. துண்டு ஒழிந்தது 1921இல்தான்.

ஒழிந்த பிறகும் எரேமியா சொன்னது நடந்தது. 1948 சட்டம் நம் குடியுரிமையைப் பறித்தது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. மீதமிருந்தோரில் பெரும் பகுதியினரின் நாடற்ற நிலை முடிய 2003 வரை காத்திருந்தோம். இந்தக் காலத்தில் கண்டிச் சுற்றுவட்டாரத்தில் வேதத்தை வேறு விதமாக வாசித்தவர்களும் எழுந்தார்கள். 1963இல் பிலிமத்தலாவையில் தொடங்கிய இலங்கை இறையியற் கல்லூரி, சிங்களத்திலும் தமிழிலும் குருமாரைப் பயிற்றுவித்தது. 1972இல் இயேசு சபைக் குரு போல் கஸ்பர்ஸ் கண்டியில் நிறுவிய சத்யோதய நிலையம் தோட்ட மக்கள் பக்கம் நின்றது.

லேவியராகமத்து யூபிலிக்கு இரண்டு பாதங்கள்: ஆள் விடுதலை, காணி திரும்புதல். முதல் பாதத்தை நாம் ஏறக்குறைய எட்டிவிட்டோம். இரண்டாவதோ, ஏழு பேர்ச் காணிக்கு உறுதிப் பத்திரம் கேட்டு இன்னும் லய வாசலில் நிற்கிறது. அடுத்த முறை பந்தல் முகப்பில் அந்தச் சொல்லை எழுதும் கை, இதையும் எண்ணி எழுதட்டும்.