ஸ்டெப்னி எந்த ஊர்ச் சொல்?

பெங்களூரில் பழைய கார்கள் அணிவகுத்து வரும் நாளில் வேடிக்கை பார்க்கக் கூடும் கூட்டத்தின் வாயில் ஒரே சொல்தான் புரளும்: வின்டேஜ். 1912ஆம் ஆண்டு வண்டிக்கும் அதே பெயர், 1965ஆம் ஆண்டு ஃபியட்டுக்கும் அதே பெயர். சட்டமும் கூட்டத்தின் பக்கமே நிற்கிறது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2021இல் கொண்டுவந்த விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து ஐம்பது ஆண்டு கடந்து, அசல் வடிவம் கெடாமல் இருக்கும் சொந்த உபயோக வாகனம் எல்லாம் வின்டேஜ்தான். மாநில எழுத்துகளுக்குப் பின்னால் ‘விஏ’ என்று போட்டு எண் தருவார்கள். இங்கிலாந்துக்காரர் கணக்கு வேறு. அவர்களுக்கு வின்டேஜ் என்றால் 1919 தொடங்கி 1930 முடிய; அதற்கு முந்தியவற்றுக்குத் தனிப் பெயர்கள் உண்டு. இத்தனைக்கும் இந்தச் சொல் பிறந்தது திராட்சைத் தோட்டத்தில். லத்தீனில் திராட்சை அறுவடையைக் குறித்த சொல், பிறகு இன்ன ஆண்டு விளைச்சலில் வடித்த மது என்று ஆண்டைச் சுட்டப் பயன்பட்டு, கடைசியில் காருக்கு வந்து சேர்ந்தது. ஆண்டைச் சொல்வதற்கென்றே வளர்ந்த ஒரு சொல், நம்மிடம் வந்து எந்த ஆண்டையும் சொல்லாத சொல்லாகிவிட்டது.

விஷயம் தெரிந்தவர்களின் கண் வேறு இடத்துக்குப் போகும். முதலில் ரேடியேட்டர்: மேல்தொட்டியும் சட்டமும் பித்தளையா, வெறும் பெயின்ட் அடித்த தகரமா? அடுத்து விளக்குகள். பக்க விளக்கு மண்ணெண்ணெயில் எரிவது. முகப்பு விளக்கு கார்பைடு கல்லின்மேல் தண்ணீர் சொட்டினால் கிளம்பும் வாயுவில் எரிவது, நம் திருவிழாக் கடைகளில் ஒரு காலத்தில் எரிந்ததே அதே வாயுதான். அந்த வாயுவை உண்டாக்கும் குப்பி, ஒலிப்பானின் குழல், விளக்குக் கூடு எல்லாம் பித்தளை. அதனால்தான் அமெரிக்க ஆர்வலர்கள் 1915 முடியவுள்ள கார்களைப் பித்தளைக் காலத்தவை என்கிறார்கள். டி மாடல் ஃபோர்டில் பித்தளை ரேடியேட்டர் 1916 வரை வந்தது. அடுத்த ஆண்டிலிருந்து கறுப்புத் தகடு. சிவனசமுத்திரத்து நீர்மின்சாரத்தால் பெங்களூர்த் தெருவில் மின்விளக்கு எரியத் தொடங்கியது 1905இல். காடிலாக் காரில் மின்சார ஸ்டார்ட்டரும் மின்விளக்கும் சேர்ந்து வந்ததோ 1912ஆம் ஆண்டு மாடலில். ஆக, சில ஆண்டுகளுக்காவது இந்த ஊரில் விளக்குக் கம்பம் காரைவிட நவீனமாக இருந்திருக்கிறது. இந்தப் பித்தளைக்குக் கன்னடத்தில் ஹித்தாளெ என்று பெயர். பால் ஹாலு ஆனதும், புலி ஹுலி ஆனதும், பெண் ஹெண்ணு ஆனதும் எந்த விதியாலோ அதே விதியால் பித்தளை ஹித்தாளெ ஆயிற்று. பகரம் ஹகரமாகத் திரிந்த காலத்துக்கு முன்பே அந்தச் சொல் கன்னடத்தில் குடியேறிவிட்டது என்பதற்கு வேறு சான்று வேண்டாம். பெட்ரோல் பிந்தி வந்தது, பெட்ரோலாகவே இருக்கிறது. ஒரு சொல்லுக்கும் ரேடியேட்டர் போல வயது காட்டும் பாகம் உண்டு என்பதைக் காட்டவே இதைச் சொல்கிறேன்.

அந்த முறையில் நான் வயது பார்க்க விரும்பும் சொல், அணிவகுப்பில் இருப்பதைவிட ஜே.சி. ரோட்டு உதிரிபாகக் கடைகளிலும் சிவாஜிநகர்ப் பட்டறைகளிலும் அதிகமாகப் புழங்குவது: ஸ்டெப்னி. கடையில் கன்னடம், தமிழ், உருது எது பேசினாலும் இந்தச் சொல் மாறாது. டிக்கியில் கிடக்கும் உபரிச் சக்கரத்தை இந்தியா முழுக்க இப்படித்தான் சொல்கிறோம். இங்கிலாந்திலிருந்து வந்த இளைஞனிடம் சொல்லிப் பார்த்தால் விழிப்பான். அவன் நாட்டு வழக்கில் அது செத்துப் பல காலம் ஆகிறது. என் வாதம் இதுதான்: ஸ்டெப்னி பித்தளைக் காலத்துச் சொல், அந்தக் காலத்திலேயே நம் நாட்டுக்கு வந்தது, பின்னால் வந்திருக்க முடியாது.

சொல்லுக்குப் போகும் முன் பொருளைப் பார்க்க வேண்டும். பித்தளைக் காலத்துக் காரின் சக்கரம் பெரும்பாலும் மரக்கால் வைத்தது. பீரங்கி வண்டிச் சக்கரத்தின் வழியில் செய்தது. இன்றைய சக்கரம் போல நாலு நட்டைக் கழற்றி உருவிவிட முடியாது. பஞ்சர் ஆனால் சக்கரம் வண்டியிலேயே இருக்க, நெம்புகோல் போட்டு டயரை உரித்து, டியூபை ஒட்டி, மறுபடி ஏற்றி, கைப்பம்பில் காற்றடிக்க வேண்டும். குதிரையும் மாடும் நடந்த சாலையில் லாட ஆணி எத்தனை சிதறிக் கிடந்திருக்கும் என்பதை எண்ணிக்கொள்ளலாம். டி மாடல் ஃபோர்டில் முன் டயர் 30க்கு 3 அங்குலம், பின் டயர் 30க்கு மூன்றரை அங்குலம். ஒரே டயரை மடியில் கட்டிக்கொண்டு போனாலும் நாலு சக்கரத்துக்கும் ஆகாது. கழற்றத்தக்க வளையம் அந்த வண்டிக்கு 1919இல்தான் வந்தது. பழைய வண்டிகளில் உபரிச் சக்கரம் வைக்க இடமே இல்லாதது கண்டு இன்று பார்ப்பவர் அது தொலைந்துபோனது என்று நினைக்கக்கூடும். தொலையவில்லை, அப்படி ஒன்று இருந்ததே இல்லை.

இந்தத் தொல்லைக்கு வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்ற ஊரில் இரும்புச் சாமான் வணிகம் செய்த தாமஸ் மாரிஸ் டேவிஸ் 1904இல் ஒரு வழி கண்டுபிடித்தார். தம்பி வால்ட்டரும் கூட இருந்தார். அவர்கள் செய்தது முழுச் சக்கரமே அல்ல. ஆரமும் குடமும் இல்லாத வெறும் வளையம். அதில் காற்றடித்த டயர் ஏற்றியிருக்கும். பஞ்சரான சக்கரத்தை அப்படியே விட்டுவிட்டு, அதன் வெளிப்பக்கத்தில் இந்த வளையத்தைக் கொக்கிகளாலும் திருகுகளாலும் பிடித்துக் கட்டி, வீடுவரை ஓட்டிப் போகலாம். நொண்டிக்குக் கக்கத்தில் கொடுத்த கோல் மாதிரி. கடை இருந்தது ஸ்டெப்னி தெருவில். கம்பெனிக்கும் அந்தப் பெயரே வைத்தார்கள். லண்டன் வாடகைக் கார்கள்வரை அது பரவியது. பிரிட்டிஷ் வணிகம் போன இடமெல்லாம் போனது.

இங்கே முதல் ஆட்சேபம் வரும். லண்டனின் கிழக்கே ஸ்டெப்னி என்று புகழ்பெற்ற பகுதி இருக்க, ஒரு சின்ன ஊரின் தெருவை ஏன் தேட வேண்டும்? கம்பெனியின் பதிவும் கடையின் இடமும் லனெல்லியைத்தான் காட்டுகின்றன, அதில் சந்தேகமில்லை. ஆனால் ஆட்சேபத்தில் பாதி உண்மை இருக்கிறது. லனெல்லித் தெருவின் பெயர் அங்கே நிலம் ஆண்ட ஸ்டெப்னி குடும்பத்தின் பெயர். இப்படி ஊர்ப்பெயர் தாங்கிய குடும்பப் பெயர்களுக்கு மூலம் பெரும்பாலும் அந்த ஊர்தான். அந்த லண்டன் ஊர்ப்பெயரையும் பிரித்தால் பழைய ஆங்கிலத்தில் ஸ்டிப்பா என்பவனின் படகுத்துறை. துறை ஊராகி, ஊர் குடும்பமாகி, குடும்பம் தெருவாகி, தெரு கம்பெனியாகி, கம்பெனி சக்கரமாகி, சக்கரம் கலாசிபாளையத்து லாரியில் தொங்குகிறது. ஒரு சொல் இவ்வளவு தூரம் நடந்து வந்ததற்கு எடுத்துக்காட்டு கேட்டால் இதைத் தாராளமாகக் கொடுக்கலாம்.

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் கவர்ச்சியானது. சற்றுப் பிந்திய பழைய கார்களில் உபரிச் சக்கரத்தைப் பக்கவாட்டில் காலை வைத்து ஏறும் படியில் நிறுத்திக் கட்டுவார்கள். படிக்கு ஆங்கிலத்தில் ஸ்டெப். அதிலிருந்து ஸ்டெப்னி வந்தது என்பார்கள். பிரேசிலில் உபரிச் சக்கரத்தை எஸ்டெப்பெ என்பதையும் துணைக்கு இழுக்கலாம். அங்கே ‘னி’ கிடையாது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் நிற்காது. வங்காளதேசத்திலும் மால்ட்டா தீவிலும் வழங்குவது ‘னி’ உள்ள வடிவமே. ஒன்றோடொன்று பேச்சுத் தொடர்பில்லாத நம் துணைக்கண்டமும் மால்ட்டாவும் ஸ்டெப் என்ற சொல்லோடு ஒரே பொருளற்ற விகுதியைத் தனித்தனியே ஒட்டிக்கொண்டன என்று நம்ப முடியுமா? அப்படி ஒரு விகுதி ஆங்கிலத்தில் இல்லவும் இல்லை. பிரேசில்காரர் வாலை நறுக்கினார்கள் என்பதே எளிய விளக்கம். தலையில் அவர்கள் ‘எ’ சேர்த்ததும் நமக்குப் புதிதல்ல. சொல்லின் முதலில் ஸகர ஒற்றோடு இன்னொரு மெய் சேர்ந்து வருவதைப் பொறாதது போர்த்துகீசியம், தமிழும் அப்படித்தான். இஸ்கூல், இஸ்டேஷன் என்பவர் நாவில் இதுவும் இஸ்டெப்னிதான்.

இனி என் வாதத்தின் மையம். டேவிஸ் வளையம் வாழ்ந்த காலம் மிகக் குறுகியது. கழற்றி மாட்டும் முழுச் சக்கரமும் கழற்றத்தக்க வளையமும் 1910ஐ ஒட்டிய ஆண்டுகளில் பரவத் தொடங்க, கொக்கியால் கட்டும் வளையத்துக்கு வேலை இல்லாமல் போனது. முதல் உலகப் போருக்குப் பின் புதுக் கார் வாங்கியவர்களுக்கு அது தேவைப்படவில்லை. ஒரு பொருள் கடைத்தெருவில் இல்லாதபோது அதன் பெயர் மட்டும் கப்பலேறி வராது. எனவே பெயர் பொருளோடு வந்தது. பொருள் போன பின் அதன் இடத்துக்கு வந்த முழுச் சக்கரத்தின் மேல் ஏறிக்கொண்டது.

இரண்டாம் உலகப் போரில் பெங்களூர் பாளையத்தில் நிறைந்திருந்த சிப்பாய்கள் கொண்டுவந்திருக்கலாமே என்று கேட்கலாம். அதற்குள் அவர்கள் ஊரிலேயே அது முதியவர் பேச்சாகிவிட்டது. ராணுவ வண்டிக் கையேட்டு மொழி வேறு. அந்தப் போரின் சிப்பாய்ப் பேச்சு பிரேசில் பட்டறைக்குள் போயிருக்கும் என்று சொல்வதும் கடினம். பெங்களூர், மால்ட்டா, பிரேசில் மூன்றையும் ஒரே கயிற்றில் கட்டுவது 1904க்குப் பிந்திய பத்துப் பதினைந்து ஆண்டுக் கார் வணிகம்தான்.

பிறந்த நாட்டில் செத்த சொல் இங்கே பிழைத்தது எப்படி? ஆங்கிலம் பேசுபவனுக்கு ஸ்டெப்னி ஒரு கம்பெனியின் பெயர், உபரிச் சக்கரம் என்பதற்கு அவனிடம் இயல்பான சொல் உண்டு. கம்பெனி மறைந்ததும் பெயரை விட்டான். நம் மெக்கானிக்குக்கு இரண்டுமே அந்நியச் சொல். அவற்றில் ஒற்றைச் சொல்லாக, வேறெதனோடும் குழம்பாமல் இருந்ததை வைத்துக்கொண்டார். கம்பெனிப் பெயர் என்று தெரியாததே அதைக் காப்பாற்றியது. டிக்கியும் இப்படித்தான்: குதிரை வண்டியின் பின்னிருக்கையாக இருந்து, காரின் திறந்த பின்னிருக்கையாகி, நம்மிடம் சாமான் அறையாக நின்றுவிட்டது. லாரிக் கிளீனரின் பெயரிலும் பித்தளை துலக்கிய கை தெரிகிறது என்று சொல்ல ஆசைதான். ஆனால் ரயில் எஞ்சினுக்கும் கிளீனர் உண்டு என்பதால் அந்த ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஸ்டெப்னி தமிழில் வேறு வேலைகளுக்கும் போனது. ஆள் குறைந்தால் இறக்கும் மாற்று ஆட்டக்காரரும் ஸ்டெப்னி. சின்ன வீட்டையும் அப்படிச் சொல்லும் கீழான பேச்சு உண்டு. அது சொல்லின் குற்றமல்ல, சொல்பவர் குற்றம்.

இதற்கு எதிர்த்திசையில் ஒரு பயணமும் சொல்லப்படுகிறது. மைசூர் மகாராஜா ரோல்ஸ் ராய்ஸ் கார்களை ஏழேழாக வாங்குவார் என்றும், அதனால் அந்தத் தொழிற்சாலையில் மொத்தக் கொள்முதலுக்கே மைசூர் பெயரில் ஒரு வழக்கு உண்டானது என்றும் கார் ஆர்வலரிடையே செவிவழிக் கதை ஒன்று உலவுகிறது. உண்மையென்றால், மைசூர் கொடுத்த சொல் அங்கே தங்கவில்லை. லனெல்லி கொடுத்த சொல் இங்கே தங்கிவிட்டது.

தூய தமிழ் வேண்டுவோர் மாற்றுச் சக்கரம் என்பர். நல்ல சொல்தான், எழுத்தில் வழங்கட்டும். ஆனால் ஸ்டெப்னியை ஆங்கிலக் கலப்பு என்று ஒதுக்குவது பொருந்தாது. ஆங்கிலத்தில் இன்று வழக்கிலேயே இல்லாத சொல்லை ஆங்கிலக் கலப்பு என்பது எப்படி? 2020இல் வந்த விதித் திருத்தத்தின்படி, டியூப் இல்லாத டயரும் காற்றழுத்தம் காட்டும் கருவியும் பஞ்சர் ஒட்டும் பெட்டியும் உள்ள பயணிகள் கார்களில் உபரிச் சக்கரம் வைக்க வேண்டிய கட்டாயமும் போய்விட்டது. பொருள் இரண்டாம் முறையாக மறையத் தொடங்கியிருக்கிறது. அகராதி தொகுப்போர் இப்போதாவது இந்தச் சொல்லுக்கு எதிரே ‘ஆங்.’ என்று மட்டும் போட்டு முடித்துவிடாமல், லனெல்லி, 1904 என்றும் சேர்த்து எழுத வேண்டும்.